வழி கேட்டு வந்தவர்கள்



சென்ற தவணையில் உயர்தர வகுப்பிலே ஆற்றுப்படை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வாடிய முகத்தோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனை மறித்து, வள்ளலின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. அவற்றுள்ளும் மலைபடுகடாத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பெருங்கௌசிகனார் வெறுமனே வள்ளலைப் புகழ்ந்துவிட்டுப் போகிறவர் அல்லர். நன்னனுடைய மலைநாட்டில் எவ்விடத்திற் கால் வழுக்கும், எவ்விடத்திற் காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தச் சிற்றூரில் என்ன உணவு தருவார்கள் என்று கூத்தருக்கு அடிக்கு அடி சொல்லிக்கொண்டு போகிறார். வழி தெரிந்தவனின் பேச்சு அது.

பாடம் முடிகிற நேரத்திற் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அப்ப கொலம்பஸ் ஆக்களுக்கும் ஆரோ வழி சொல்லியிருப்பினம்தானே? அவையின்ரை பேர் ஏன் புத்தகத்தில இல்லை?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்துவிட்டபடியால் அன்று அவனுக்கு மறுமொழி சொல்ல முடியாமற் போயிற்று. இன்று உங்களுக்குச் சொல்லப் போவது அந்த மறுமொழியைத்தான். கொலம்பசை விட்டுவிட்டு, அவருக்கு 300 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் மேற்கு எல்லையைத் தேடிப் புறப்பட்ட இரண்டு கப்டன்மாரைப் பற்றிச் சொல்லுகிறேன். அந்தக் கதையின் வால் நம்முடைய மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து கிடக்கிறது என்பதுதான் நான் அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

1803ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கா, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கேயிருந்த பெருநிலப்பரப்பொன்றை நெப்போலியனிடம் ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கிற்று. அந்த மண்ணில் வாழ்ந்த மக்களை வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. அப்போது ஜனாதிபதியாயிருந்த தோமஸ் ஜெபர்சன், அந்தப் பேரம் முடியுமுன்னரே ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டிருந்தார். மிசூரி ஆற்றின் வழியே மேலே ஏறி, மலைகளைக் கடந்து, பசுபிக் கடலைத் தொடவேண்டும். இதற்கென அவர் கொங்கிரசிடம் கேட்ட தொகை 2,500 டொலர்தான். செலவானது அதைப்போலப் பல மடங்கு. தலைமை தாங்கியவர் அவருடைய செயலாளராயிருந்த மெரிவெதர் லூயிஸ். துணைக்கு வில்லியம் கிளார்க்.

1804 மே 14ஆம் திகதி, நாற்பதுக்கு மேற்பட்டோர் ஒரு பெரிய படகிலும் இரண்டு சிறிய வள்ளங்களிலும் புறப்பட்டனர். அந்த மாரியை இன்றைய வட டகோட்டாவில் மண்டான் மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கோட்டை கட்டிக் கழித்தார்கள். 1805 ஏப்ரிலில் 33 பேர் மேற்கே நகர்ந்தார்கள். அந்த 33 பேரில் ஒருத்தி பெண். இன்னொன்று, பிறந்து இரண்டு மாதங்கூட ஆகாத அவளுடைய ஆண்குழந்தை.

சக்காஜவியா என்பது அவள் பெயர். ஷொஷோனி இனத்தவள். பன்னிரண்டு வயதளவில் ஹிடாட்சா இனத்தவர் அவளைச் சிறைபிடித்துச் சென்றனர். பிறகு ஷார்பொனோ என்ற பிரெஞ்சு வியாபாரிக்கு அவள் மனைவியானாள். பயணக்குழுவில் அவனுக்கு வேலை கிடைத்ததே, மலைநாட்டுச் ஷொஷோனிகளோடு பேச அவனுடைய மனைவியின் நாக்கு வேண்டியிருந்ததால்தான். ஓகஸ்ட் மாதம் ஷொஷோனி மக்களைச் சந்தித்தபோது, பேசுவதற்கு அமர்ந்த தலைவன் காமியாவெயிற் தன் உடன்பிறந்தவன் என்று அவள் கண்டுகொண்டாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அழுத கண்ணோடு திரும்பி வந்து இருந்து மொழிபெயர்த்தாள். தலைவன் ஷொஷோனியிற் சொன்னதை அவள் ஹிடாட்சாவிற் சொல்ல, புருஷன் அதைப் பிரெஞ்சில் ஆக்க, லபிஷ் என்ற சிப்பாய் அதை ஆங்கிலமாக்கிக் கப்டனின் காதிற் போட்டான். கப்டன் குதிரை வேண்டுமென்று கேட்டதும் அதே படிக்கட்டால் இறங்கிப் போயிற்று. குதிரை கிடைத்தது. கிடைத்திராவிட்டால் அந்தப் பயணம் அந்த மலையடியிலேயே முடிந்திருக்கும்.

இதற்குச் சில நாட்களுக்கு முன், ஓகஸ்ட் 12ஆம் திகதி, லூயிஸ் மலைமுகட்டில் ஏறி மறுபக்கம் பார்த்திருந்தார். அங்கேயிருந்து சரிவாகப் பசுபிக்குக்கு ஓடும் ஆறு தெரியும் என்பதுதான் ஜெபர்சன் முதலானோர் வரைபடங்களை வைத்துப் போட்ட கணக்கு. தெரிந்ததோ மலைக்குப் பின் மலை. நூறாண்டு காலமாகப் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒன்று அந்த ஒரு பார்வையில் வற்றிப்போயிற்று. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஷொஷோனிகளுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டபிறகுதான் கப்டன்மாருக்குத் தெரிந்தது.

பிட்டர்ரூட் மலைகளைக் கடக்கிற செப்டெம்பரில் அவர்களுக்கு வழிகாட்டியவர் ஷொஷோனிக் கிழவர் ஒருவர். பனி கொட்டியது, வேட்டை அகப்படவில்லை, ஏறிவந்த குதிரைக்குட்டிகளை அறுத்துத் தின்றார்கள். ஒட்டி உலர்ந்து மலையிறங்கியபோது சந்தித்தது நெஸ் பேர்ஸ் மக்களை. 'நிமீபூ' என்பது அவர்கள் தங்களுக்கு இட்ட பெயர். மற்றது பிரெஞ்சுக்காரர் இட்டது. வந்தவர்கள் கையில் அந்தப் பக்கத்தில் எவரிடமும் இல்லாத அளவு துப்பாக்கி இருந்தது, ஆனால் துப்பாக்கியைத் தூக்கவே அவர்களுக்குத் தெம்பில்லை. கொன்றுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு எழுந்ததாகவும், முன்பு வெள்ளையரிடம் அன்பாக நடத்தப்பட்ட வட்குவெய்ஸ் என்ற மூதாட்டி அதைத் தடுத்ததாகவும் நிமீபூ மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. தடுத்தார்களோ இல்லையோ, சோறிட்டார்கள் என்பது கப்டன்மாரின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. காமாஸ் என்ற கிழங்கும் உலர்த்திய மீனும். பட்டினி கிடந்த வயிறு அதைத் தாங்காமற் குழு முழுவதும் வயிற்றுநோயிற் படுத்தது வேறு கதை.

'முறுக்கிய கூந்தல்' என்று பொருள்படும் பெயருடைய தலைவர் ஒருவர், மேற்கே ஆறுகள் எங்கே கூடுகின்றன, எங்கே வீழ்ச்சி உண்டு, எங்கே மீன்பிடிக்கிற ஊர்கள் உண்டு என்பதை வெள்ளை மான்தோல் ஒன்றில் வரைந்து கொடுத்தார். கூடவே பல நாள் ஆற்று வழியே போனார். மரத்தைக் குடைவதை விட எரித்துக் குழியாக்கி வள்ளம் செய்வது இலகுவென்று காட்டிக் கொடுத்ததும் அவருடைய மக்கள்தான். குழுவின் 38 குதிரைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெரும்பாலும் அப்படியே ஒப்படைத்தார்கள். அந்த மான்தோற் படத்தை நான் பெருங்கௌசிகனாரின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரே வேறுபாடு: நம்முடைய மரபில் வழி சொன்னவனின் பாட்டு நிற்கிறது, அங்கே வழி கேட்டவனின் நாட்குறிப்பு நிற்கிறது.

1805 நவம்பரிற் கடலைக் கண்டார்கள். மாரிக்கு எங்கே தங்குவது என்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டபோது, சக்காஜவியாவிடமும் கிளார்க்கின் அடிமையான யோர்க் என்ற கறுப்பரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இதைச் சிலர் பெரிதாகப் புகழ்கிறார்கள். 1806 செப்டெம்பர் 23ஆம் திகதி சென் லூயி நகருக்குத் திரும்பிய பின் நடந்ததையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? சிப்பாய்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. ஷார்பொனோவுக்கு 500 டொலரும் சில்லறையும். சக்காஜவியாவுக்கு ஒரு சதமுமில்லை. யோர்க் தன்னை விடுதலை செய்யும்படி கேட்டபோது கிளார்க் கோபங்கொண்டார்.

ஒரு தமிழ் வாத்தியாருக்கு இந்தப் பயணத்தில் உறுத்துகிற இடம் இன்னொன்று இருக்கிறது. ஜெபர்சன் மொழிப்பித்துப் பிடித்தவர். காண்கிற ஒவ்வொரு இனத்தின் மொழியிலும் சொற்களைக் குறித்துவரும்படி லூயிசுக்குக் கட்டளையிட்டார். தலை, கை, நெருப்பு, நீர் என்பன போன்ற அடிப்படைச் சொற்கள். லூயிஸ் அதைச் செய்தார். ஜெபர்சன் தாமும் முப்பது வருடமாக அப்படிச் சேர்த்து வைத்திருந்தார். 1809இல் அவர் பதவி விட்டு வீடு திரும்பும்போது, அந்தப் பட்டியல்கள் இருந்த பெட்டியை ஜேம்ஸ் ஆற்றில் ஒரு திருடன் கிளப்பிக்கொண்டு போனான். உள்ளே வெறுங் கடதாசி என்று கண்டதும் ஆற்றில் வீசிவிட்டான். சேறு படிந்த சில தாள்கள்தான் மீண்டன. லூயிஸ் பயணத்திற் திரட்டியவையும் அச்சேறாமலே தொலைந்துபோயின. லூயிசும் அதே ஆண்டு ஒக்டோபரிற் துப்பாக்கிக் காயத்தில் இறந்தார், தற்கொலையென்பதே பலர் முடிவு. 1981இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊரிலே இருந்துகொண்டு, அந்தப் பெட்டியின் கதையை என்னால் ஒரு வேடிக்கைச் செய்தியாக வாசிக்க முடியவில்லை.

இனி நம்முடைய கரைக்கு வருவோம். 1810இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மிஷனறிச் சங்கம் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தார் அமெரிக்கன் மிஷன் என்று அறிந்தது இதன் கிளையைத்தான். 1812இல் அது முதன்முதலில் அனுப்பிய இளைஞர்களுள் சாமுவேல் நியூவெல் ஒருவர். கல்கத்தாவில் இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை வெளியேறச் சொன்னது. மொறீசியசுக்குப் போகிற வழியிற் பிறந்த குழந்தை இறந்தது. நவம்பர் 30ஆம் திகதி மனைவி ஹறியற்றும் இறந்தார், வயது 19. தனி மனிதனாக 1813இல் நியூவெல் இலங்கைக்கு வந்தார், யாழ்ப்பாணத்தையும் பார்த்தார். இங்கே வேலை தொடங்கலாம், இதே மொழி பேசுவோர் கடலுக்கு அப்பாலும் பெருந்தொகையாக இருக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதினார். பிறகு பம்பாய்க்குப் போய் 1821இல் வாந்திபேதியில் மாண்டார். கப்டன்மாருக்குக் கிடைத்த கீர்த்தி இந்த ஒற்றை மனிதருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கடிதமும் ஒரு மேற்கு எல்லைப் பயணக் குறிப்புத்தான், திசை மட்டும் வேறு.

அதன் பலனாக 1815 ஒக்டோபரில் 'டிரையட்' என்ற கப்பலிற் புறப்பட்டவர்கள், 1816 மார்ச்சிற் கொழும்பிலும் அந்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலும் வந்து சேர்ந்தனர். டானியல் பூவர் தெல்லிப்பழையிலும், மெயிக்சும் றிச்சர்ட்சும் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து பாழடைந்து கிடந்த கோயிற் கட்டிடங்களிற் குடியேறினார்கள். 1818இல் ஆங்கிலேயரான ஜோசப் நைற் ஐயர் சேர்ச் மிஷன் சார்பில் நம்முடைய நல்லூருக்கு வந்தார். வந்தவர் அகராதிக்குச் சொற் சேர்க்கத் தொடங்கினார். லூயிசைப் போலவே இவரும் கடதாசியும் பேனாவுமாக இருந்து கேட்டு எழுதியவர். ஆனால் இவர் கேட்டது ஓலையும் எழுத்தாணியும் வைத்திருந்தவர்களை.

இங்கேதான் இரண்டு கதையும் பிரிகின்றன. நைற் தொடங்கிய வேலை பல கைகள் மாறி, 1862இல் வின்ஸ்லோவின் பெயரால் 67,000 சொற்களுக்கு மேற்கொண்ட தமிழ் ஆங்கிலப் பேரகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1842இல், உடுவிற் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதி மானிப்பாயில் அச்சாகிவிட்டது. மிசூரிக் கரையிற் சேர்த்த சொல் ஆற்றோடு போயிற்று, நல்லூர்க் கரையிற் சேர்த்த சொல் அச்சேறிற்று.

இது நம்மவரின் கெட்டித்தனம் என்று சொல்லி மார்தட்ட எனக்கும் ஆசைதான். மேடையிற் பலர் அப்படிச் சொல்லக் கேட்டுமிருக்கிறேன். ஆனால் ஒறிகனில் நடந்ததைப் படித்தபின் அந்த ஆசை குறைந்துவிட்டது.

கிளார்க் பயணம் முடிந்தபின் சென் லூயி நகரிற் செவ்விந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பான அதிகாரியானார். 1831இல் மலைகளுக்கு அப்பாலிருந்து நெஸ் பேர்ஸ் பக்கத்து மனிதர் நால்வர் அவரைத் தேடி வந்தார்கள். நால்வரின் மொழி அறிந்தவர் அந்த நகரில் எவருமில்லை. அதனால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. வெள்ளையரின் வலிமை அவர்களுடைய புத்தகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை அறிய வந்திருக்கலாம். இருவர் அந்த நகரிலேயே நோயுற்று இறந்தனர். இரண்டு வருடங்களில் கிறிஸ்தவப் பத்திரிகையொன்று அவர்கள் வேதாகமம் கேட்டு அழுது வந்ததாக எழுதிற்று. வழிகாட்டிகளின் இனத்தார் வழி கேட்டு வந்துவிட்டார்கள் என்று அமெரிக்காவே உருகிற்று.

உருகியவர்களுள் யாழ்ப்பாணத்துக்கு ஆளனுப்பிய அதே சங்கமும் ஒன்று. 1835இல் அது சாமுவேல் பார்க்கரையும் டொக்டர் மார்க்கஸ் விற்மனையும் மேற்கே ஆராய்ந்துவர அனுப்பிற்று. அடுத்த ஆண்டு விற்மன் தம் மனைவி நார்சிசாவோடும், ஹென்றி ஸ்போல்டிங் தம்பதியரோடும் மலை கடந்தார். அங்கே ஒரு ஸ்போல்டிங், நம்முடைய உடுவிலில் ஒரு லீவை ஸ்போல்டிங் ஐயர். 1839இல் ஹவாயிலிருந்து ஓர் அச்சுயந்திரம் அங்கே போய்ச் சேர்ந்தது, நெஸ் பேர்ஸ் மொழியிற் சிறு புத்தகங்கள் அச்சாயின. இங்கே மானிப்பாய் அச்சுக்கூடத்தில் 1841இல் உதயதாரகை வெளிவந்தது. அதுவரை இரண்டு கதையும் இரட்டைப் பிள்ளைகள்போலத்தான் இருக்கின்றன.

1843இல் ஏறத்தாழ ஆயிரம் குடியேற்றக்காரர் வண்டில்களில் ஒறிகனுக்குப் புறப்பட்டார்கள். அவர்களோடு கூடப் போய் வழிகாட்டியவர்களுள் டொக்டர் விற்மனும் ஒருவர். அதன் பிறகு ஆண்டுதோறும் வண்டில் கூடிற்று. 1847இல் வண்டில்களோடு சின்னமுத்து நோயும் வந்தது. வெள்ளையரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைக்க, எதிர்ப்புச்சக்தி இல்லாத கயூஸ் மக்களின் பிள்ளைகள் செத்தார்கள். அந்த இனத்திற் பாதியளவு அழிந்தது. டொக்டர் மருந்தென்று நஞ்சு கொடுக்கிறார் என்று சந்தேகம் எழுந்தது. நவம்பர் 29ஆம் திகதி விற்மனையும் மனைவியையும் இன்னும் பத்துக்கு மேற்பட்டோரையும் கொன்றார்கள். 1850இல் கயூஸ் ஐவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதே 1847 ஒக்டோபரில், அந்தக் கொலைக்கு இரண்டு மாதங்கூட இல்லாத வேளையில், அதே சங்கம் அனுப்பிய இன்னொரு வைத்தியர் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். டொக்டர் சாமுவேல் கிறீன், வயது 25. அடுத்த ஆண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். பின்னர் அதைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலியலும் பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் கெமிஸ்தமும் அவருடைய முயற்சியில் தமிழ் நூல்களாயின. மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை நிற்கிறது.

இருவரும் வைத்தியர். இருவரையும் அனுப்பிய சங்கம் ஒன்று, ஓதிய வேதம் ஒன்று. ஒருவர் தாம் தேடிப்போன மக்களின் கையால் மாண்டார், மற்றவர் அவர்கள் மொழியிற் புத்தகம் எழுதினார். குணத்தில் வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது வண்டில்தான். கிறீனுக்குப் பின்னால் நிலம் கேட்டு எவரும் வரவில்லை. வரவும் முடியாது. இது பிரித்தானியரின் குடியேற்றம். 1820இல் அமெரிக்கர் அச்சுவேலைக்கென்று ஓர் ஆளை அனுப்பியபோது, தேசாதிபதி பார்ன்ஸ் அவரையே நிற்கவிடாமற் திருப்பி அனுப்பினார். புதிய அமெரிக்கர் வருவதற்கிருந்த அந்தத் தடை 1833வரை நீடித்தது. அன்றியும் இங்கே ஒவ்வொரு துண்டு காணிக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இருந்தது, 1707இலேயே எழுத்தில் வந்த தேசவழமை இருந்தது. நிமீபூ மக்களின் புல்வெளிக்குத் தோம்பு கிடையாது.

எனவே இங்கே சண்டை மண்ணுக்காக வரவில்லை, மனத்துக்காக வந்தது. மிஷன் பள்ளியிற் பிள்ளைகளின் பெயரை மாற்றினார்கள், அமெரிக்கத் தருமவான்களின் பெயரையிட்டார்கள். அது சின்னக் காரியமல்ல. அதற்கு மறுமொழி சொல்ல இந்த நல்லூரிலேயே ஒருவர் பிறந்திருந்தார். வெஸ்லியன் பள்ளியிற் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிற் துணையிருந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டு அச்சுயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். வந்தவர்களின் ஆயுதத்தையே எடுத்துக்கொண்டார் என்பார்கள். எடுத்துக்கொள்ள அவருக்கு நேரமும் இருந்தது, காலுக்குக் கீழே நிலமும் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்ததும் அந்த நிலத்தில் நின்றுதான்.

முறுக்கிய கூந்தலின் மக்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1855இல் ஓர் உடன்படிக்கை. 1860இல் அவர்கள் மண்ணிற் பொன் கண்டார்கள். 1863இல் இன்னோர் உடன்படிக்கை, முன்னர் உறுதியளித்த நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. அதிற் கையெழுத்திடாத தலைவர்களின் மக்கள் 1877இல் விரட்டப்பட்டபோது, பெண்டு பிள்ளைகளோடு ஆயிரம் மைலுக்கு மேல் ஓடினார்கள். முதலில் ஏறியது, 1805இல் பட்டினியோடு இறங்கி வந்த கப்டன்மாரின் அதே பிட்டர்ரூட் மலைப்பாதை. கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கையிற் பிடிபட்டார்கள். அவர்களின் தலைவர் ஜோசப் பிறந்த பள்ளத்தாக்கிற் குடியிருக்க அனுமதிக்கப்படாமலே 1904இல் இறந்தார். குதிரைகளையும் இராணுவம் எடுத்துக்கொண்டது. அந்த மக்கள்தான் ஒரு காலத்திற் பிறருடைய 38 குதிரைகளைக் காத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள்.

அடுத்த கிழமை வகுப்பில் இவற்றிற் கொஞ்சத்தைச் சொன்னேன். கேள்வி கேட்ட பொடியன் கொப்பியிற் சில பெயர்களை எழுதிக்கொண்டான். முறுக்கிய கூந்தலின் சொந்த மொழிப் பெயர் என்ன சேர் என்று கேட்டான். தேடிச் சொல்லுகிறேன் என்றேன். பிறகு மலைபடுகடாத்தை எடுத்தோம். கூத்தர்கள் இன்னும் மலையேறிக்கொண்டிருந்தார்கள், நன்னனின் ஊர் தூரத்தில் இருந்தது.